சொதப்பல் சபை

அத்தியாயம் பதினொன்று

வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். சொல்லிவிட்டு வாரம் முழுக்கக் கூசிக்கொண்டே திரிகிறவர்கள் குறைவு. ஊர் சுற்றிக் காட்டுவதைத் தொழிலாக வைத்திருக்கும் நம் வழிகாட்டி அம்மாள் இந்த இரண்டாவது ரகம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவள் மகள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் பையனின் அப்பாவும் அம்மாவும் வெளியூரிலிருந்து வந்து, சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா, தாம் பஸ் நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். இந்த ஊரிலும் மூன்று வருஷம் வேலை பார்த்தாராம். அதைக் கேட்டதுமே இவள் பேச்சைத் தேநீருக்குத் திருப்பப் பார்த்தாள். அடுத்தபடியாக, "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா?" என்று அவர் கேட்டபோது, "நான் ஒரே பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், டாக்டரின் கிறுக்கலைப் படிப்பதுபோல் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற ஒரே அண்ணனை ஒரு வாய்த் தேநீருக்குள் இல்லாமல் ஆக்கியாயிற்று.

அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நாற்பது பயணிகளோடு பஸ்ஸை வேறு எங்கேயோ ஓட்டிக்கொண்டு போனார். விசாரணையில் "வழி தவறிட்டேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேலை போயிற்று. பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டார்கள். இப்போது ஒரு சலவைக் கூடத்தில் துணி துவைக்கும் மெஷின்களை ரிப்பேர் பார்க்கிறார். கல்யாணம், குடும்பம் என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இருக்கிற ஒரே ஒட்டுதல், தங்கை மகள்தான்.

அவர் ஏன் வழி தவறினார் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் யார் என்று முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

*

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜைமேல் இயர்போன் தட்டு. பன்னிரண்டும் உபரியாக ஒன்றும், மொத்தம் பதின்மூன்று. நீல விளக்கு எல்லாவற்றிலும் எரிகிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நடத்தும் 'மூலைமுடுக்கு நடை'க்கு இந்த ஊரில் ஓரளவு பேர் உண்டு. கோட்டை, கோபுரம், அரண்மனை எதையும் அவள் காட்டமாட்டாள். ஊர்க்காரர்களுக்கே தெரியாத இடங்களுக்கு, அங்கே தங்கள் பாட்டுக்கு எதையாவது செய்துகொண்டிருக்கும் மனிதர்களிடம் கூட்டிப்போவாள். சத்தம் போட்டு விளக்கினால் இடத்தின் உயிர் போய்விடும் என்பது அவள் கட்சி. அதனால் சட்டைக் கழுத்தில் சின்ன மைக். கூட வருகிறவர்கள் காதில் இயர்போன். அவள் முணுமுணுத்தால் போதும், கடைசி ஆள்வரை கேட்கும்.

இன்றைய நடைக்கு வருங்காலச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வருகிறார்கள். மகள்தான் ஏற்பாடு.

"அம்மா, இன்னைக்குக் கடைசி இடம் சொதப்பல் சபைதானே?" என்றாள் மகள்.

"ஆமா."

"சபை இப்ப மாமா வேலை பாக்கற இடத்துக்கு மாறிடுச்சு, தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னைக்கு மாமாதான் பேசறார்."

இவள் கையிலிருந்த இயர்போனைத் தட்டில் வைத்தாள். அது தெரியாது.

"அந்த இடத்தை விட்டுட்டா என்ன? நேரா டீ குடிக்கக் கூட்டிட்டுப் போயிடலாமே."

"அவரோட அப்பாவே பேரைக் கேட்டுட்டு அதைத்தான் பாக்கணும்னு சொன்னார். இன்னும் எத்தனை நாளைக்கும்மா? நாளைக்குக் கல்யாணத்துக்கு மாமா எந்த வரிசைல வந்து உக்காருவார்? கூட்டத்துல யாரோ ஒருத்தர் மாதிரியா?"

"கத்தாதே."

"நான் கத்தவே இல்ல."

உண்மைதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருக்கலாம்.

"சரி, சொல்லிடறேன்" என்றாள் இவள். "அங்க வெச்சே சொல்றேன். 'இவர் என் அண்ணன்'னு, எல்லார் முன்னாடியும். போதுமா?"

மகளின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க இவளால் முடியவில்லை. ஒயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். சொல்லத்தான் நினைத்தாள், அந்த நிமிஷத்தில். அதை மட்டும் அவள் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

*

முதல் இடம், செருப்புத் தைப்பவர் தன் கடையின் பின்னறையில் வைத்திருக்கும் ஒற்றைச் செருப்பு அருங்காட்சியகம். இருநூற்றுச் சொச்சம் செருப்புகள், எதற்கும் ஜோடி கிடையாது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. 'ரயில் நகர்ந்தபோது.' 'வெள்ளத்தில்.' 'சண்டையில் எறிந்தது. போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை.'

சம்பந்தி ஒரு சீட்டையும் விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோப்பைச் சரிபார்ப்பதுபோல் வரிசையாகப் படித்தார். 'பஸ் படியில்' என்று ஒரு சீட்டு. "எந்த ரூட்டுன்னு போடலையே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். பஸ் பேச்சு நீளுமுன் கூட்டத்தை வாசல் பக்கம் திருப்பினாள்.

இரண்டாவது இடம், ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டு. சனிக்கிழமை மதியங்களில் அங்கே துப்புரவுப் பணியாளர்கள் மாடிக்கு ஒருவராக நின்று பாடுவார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கீழே நிற்கிறவர்களுக்கோ யாருமே தெரியமாட்டார்கள். சுவரெல்லாம் குரல்தான். மூன்றாம் மாடிக்காரர் கொஞ்சம் முந்துவார். ஆறாம் மாடி அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுவார்.

பாட்டு முடிந்தபோது சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் தம்பி இருந்திருந்தா ரொம்ப ரசிச்சிருப்பான்" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் நல்லதா எதையாவது கேட்டா முதல்ல அவன் ஞாபகம்தான். நீங்க கூடப் பிறந்தவங்களே இல்லாம எப்படித்தான் வளந்தீங்களோ, பாவம்."

இவள் மைக்கை அணைத்தாள். இங்கேயே சொல்லிவிடலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த அம்மாளின் கை வெதுவெதுப்பாக இருந்தது. பாவம் என்று சொன்னதில் துளிகூட நடிப்பு இல்லை.

"நேரமாச்சு, அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம்" என்றாள்.

தன் வாயை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வதென்று தெரியாமல், மைக்கை மறுபடி போட்டுக்கொண்டு தெருவில் முன்னால் நடந்தாள்.

*

சொதப்பல் சபையை ஆரம்பித்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. பல வருஷங்களுக்கு முன்னால் ஒருவருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கமில்லாமல் அலைந்து, கடைசியில் முன்பின் தெரியாத எட்டுப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். அவர்கள் கைதட்டினார்களாம். அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை சபை. யார் வேண்டுமானாலும் ஏறித் தான் சொதப்பியதைச் சொல்லலாம். ஏழு நிமிஷம். அடுத்தவர்மேல் பழி போடக் கூடாது. பேசி முடித்ததும் டாக்டரம்மா, "இந்தச் சொதப்பலுக்குக் கூட்டாளி யாராவது இங்க உண்டா?" என்று கேட்பார். இருந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் இருவருக்கும் சேர்த்துக் கைதட்டல். அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது.

முன்பு ஒரு நூலகத்தின் நிலவறையில் நடந்தது. அங்கே தண்ணீர் கசிந்ததால் இந்தச் சலவைக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வட்ட முக மெஷின்கள். நடுவே பெஞ்சுகளில் ஐம்பது அறுபது பேர். கவிழ்த்துப் போட்ட பலகைப் பெட்டிதான் மேடை. சோப்பு வாசனை. ஒரே ஒரு மெஷினில் மட்டும் யாருடைய போர்வையோ மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

இவர்கள் போய்ப் பக்கவாட்டில் நின்றபோது பாட்டு டீச்சர் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய், முக்கால் மணி நேரம் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள். "கூட்டாளி உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டதும், கடைசி பெஞ்சில் ஒரு மீசைக்காரர் கையைத் தூக்கினார். கேள்வி கேட்காமல் அவளை உள்ளே விட்ட காவலாளி. இப்போது அவள் கணவர். கூடம் அதிர்ந்தது. சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"அடுத்து நம்ம மெஷின் மாமா" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் எழுந்து வந்தார்.

நீல வேலைச்சட்டை. முழங்காலில் கிரீஸ். காதுகளை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டிருந்தார். பெட்டிமேல் ஏறி, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஆனால் பேச ஆரம்பிக்கவில்லை. இவர்கள் பக்கம் திரும்பி, லேசான சிரிப்போடு அப்படியே நின்றார். எதற்காகவோ காத்திருப்பதுபோல.

சபையும் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"யாரும்மா இவரு? நம்மளையே பாக்கறாரே" என்றார் சம்பந்தி. "தெரிஞ்சவரா?"

இயர்போன் போட்ட மற்றவர்களும் இவளையே பார்த்தார்கள். அது வழக்கம்தான். ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் அவள் இரண்டு வரி சொல்லுவாள், அதில் கொஞ்சம் கற்பனையும் இருக்கும், அதைக் கேட்கத்தான் அவர்கள் வருகிறார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து மகள் தலையை ஆட்டினாள். சொல்லும்மா.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அண்ணனின் முழங்கால் கிரீஸ் கண்ணில் பட்டது. பக்கத்தில் சம்பந்தியின் மூக்குக் கண்ணாடி பளபளத்தது. இந்த ஊர், பஸ் நிர்வாகம், இருபத்து நாலு வருஷம்.

"தெரியாது சார்" என்று மைக்கில் முணுமுணுத்தாள். "இன்னைக்குத்தான் பாக்கறேன். இங்க மெஷின் ரிப்பேர் பண்றவர் போல."

இதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. கேட்கிறவர்கள் காத்திருக்கிறார்களே, இரண்டாவது வரி வேண்டுமே.

"இந்த மாதிரி சபைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான். வீட்ல பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இங்க வந்து ஏழு நிமிஷம் பேசிட்டுப் போவாங்க."

"ப்ச்" என்றது ஒரு குரல். நடைக்கு வந்த கல்லூரிப் பெண்.

பெட்டிமேல் அண்ணனின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு அவர் கையைத் தூக்கி, தொப்பியின் ஓரத்துக்குள் விரலை விட்டு, காதிலிருந்து எதையோ மெதுவாக எடுத்தார். உள்ளங்கையில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது.

பதின்மூன்றாவது இயர்போன்.

இவள் மகளைத் தேடினாள். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நடை தொடங்கும் முன் ஓடி வந்து, "மாமா, அம்மா இன்னைக்கு உங்களை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தப் போறா, இதை மாட்டிக்கோங்க, அவ என்ன சொல்றான்னு உங்களுக்கும் கேக்கும்" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். விளக்கம் தேவையில்லாமல் இவளுக்கு அது முழுசாகப் புரிந்தது. மூலையிலிருக்கும் ஏதாவதொரு மெஷினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமானால் அவள் செய்திருப்பாள்.

அண்ணன் தாளைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் முன்ன பஸ் டிரைவரா இருந்தேங்க" என்று ஆரம்பித்தார். "ஆறு வருஷம் ஒரே ரூட்டு. எந்தத் திருப்பத்துல எந்த நாய் படுத்திருக்கும்னு தெரியும். ஒருநாள் காலைல பாலத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பணும். வலது பக்கம் திரும்பிட்டேன்."

சிரிப்பு.

"பின்னாடி ஒருத்தர் சுவர்க் கடிகாரம் ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வந்தார். 'டிரைவரே, என் வீடு அந்தப் பக்கம்'னு கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கத்தறார். கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வீங்கிப்போச்சு. ஒரு அம்மா மட்டும், 'விடுங்க, இந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்ல'ன்னு ஜன்னலைத் திறந்து வேடிக்கை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. இவளும் அங்கேதான் இருந்தாள், அந்தப் பஸ்ஸில். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபது வயதில். அன்று வழிகாட்டி உரிமத்துக்கான தேர்வு. தேர்வு மையம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பாதி வழியில் நுழைவுச் சீட்டை எடுத்துப் பார்த்தால், அந்தப் பக்கம். பதினெட்டு நிமிஷம்தான் பாக்கி. "அண்ணா" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டாள். அண்ணன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். பாலம் வந்தது. வலது பக்கம் திருப்பினார்.

விசாரணை வந்தபோது, "நான் வந்து சொல்லிடறேன்" என்றாள். "வேண்டாம் வாலு, உன் தேர்வை ரத்து பண்ணிட்டாங்கன்னா? ரிசல்ட் வரட்டும்" என்றார் அவர். ரிசல்ட் வந்தது. லைசென்ஸ் கைக்கு வரட்டும் என்று இவளே நினைத்துக்கொண்டாள். பிறகு வேலை. பிறகு கல்யாணம். பிறகு, இப்போது எதற்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு சப்பைக்கட்டு கிடைத்தது. போகப்போக, அவரைப் பார்த்தாலே தன் மேல் வெறுப்பு வர, அந்த வெறுப்பு எப்படியோ அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அவரால்தான் தலைகுனிவு என்று நம்பவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் திருப்பினேன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றார் அண்ணன். "ஏன்னா..."

இவள் சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"எனக்கே தெரியலைங்க. வழி தவறிட்டேன். அவ்வளவுதான்."

கைதட்டல் ஓயக் காத்திருந்து டாக்டரம்மா கேட்டார். "இந்தச் சொதப்பலுக்குக் கூட்டாளி யாராவது இங்க உண்டா?"

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், வேடிக்கையாகத்தான். கடிகாரக்காரர் வந்திருப்பாரோ என்று யாரோ கேட்டார்கள். இவளுடைய வலது கை இடுப்புவரை வந்தது. மைக்கின் ஒயரைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. ஒரு கையைத் தூக்குவதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்கு இருபத்து நாலு வருஷம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"இல்லீங்க டாக்டர்" என்றார் அண்ணன், இவள் பக்கம் பார்க்காமல். "நான் தனியாத்தான்."

*

நடை அங்கேயே முடிந்தது. வாசலில் இவள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவராக வந்து இயர்போனைப் போட்டுவிட்டு, அருமை, அற்புதம், அடுத்த மாதம் தங்கையையும் கூட்டி வருகிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். என்ன சொன்னார்கள் என்பது காதில் ஏறவில்லை.

கடைசியாக அண்ணன் வந்தார். பக்கத்திலேயே சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். சட்டை ஓரத்தில் இயர்போனை நன்றாகத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

"நன்றிங்க" என்றார் இவளிடம். "நீங்க பேசினது நல்லா கேட்டுச்சு."

நீங்க.

தவழ்ந்த நாளிலிருந்து அவளை 'நீ' என்றும் 'வாலு' என்றும் தவிர அவர் கூப்பிட்டதில்லை. கோபத்தில் வந்த 'நீங்க' என்றால் தாங்கியிருப்பாள். அதில் கோபமே இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தங்கை சொன்ன பொய் அவர்கள் முன்னால் கலைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன 'நீங்க' அது. அவள் பொய்க்கும் அவரே முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அண்ணன் கூடத்தின் பின்பக்கம் போனார். மகள் அம்மாவைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், அவர் பின்னாலேயே போனாள்.

சம்பந்தியம்மா டீக்கடைப் பக்கம் நகர்ந்தார். சம்பந்தி போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரை எனக்குத் தெரியும்மா" என்றார்.

இவள் தட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த விசாரணையை நடத்தினது நான்தான். பெட்டி மேல ஏறினப்ப அடையாளம் தெரியல. பாலம்னு சொன்னதும் தெரிஞ்சுது." அவர் குரல் தணிந்திருந்தது. "ஒரு பயணி சாட்சி சொன்னார். டிரைவருக்குப் பின்னாடி ஒரு பொண்ணு அழுதுட்டு நின்னுச்சுன்னு. நான் இவரைக் கூப்பிட்டு மூணு தடவை கேட்டேன். 'யாரோ ஒரு பொண்ணுக்கு அவசரம்னுதானே திருப்பினீங்க, அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எச்சரிக்கையோட விட்டுடறேன்'னு. மூணு தடவையும் 'அப்படி யாரும் இல்ல சார்'னார். வேற வழியில்லாம கையெழுத்துப் போட்டேன்."

ஒரு வார்த்தை போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அதை இவளிடம் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும், நான் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத்தான் இவள் தலையணையாக வைத்துத் தூங்கினாள்.

"அது நான்தான் சார்" என்றாள். "அந்தப் பொண்ணு நான்தான். அவர் என் அண்ணன். கூடப் பிறந்த அண்ணன்."

சம்பந்தி திடுக்கிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அவர் காதுல இருந்து அதை எடுத்தப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். அப்பவே பாதி புரிஞ்சுது." அண்ணன் போன பக்கம் கையைக் காட்டினார். "ஆனா இதை எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

கல்யாணத்தைப் பற்றி அவர் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. மனைவி நின்ற பக்கம் மெதுவாக நடந்தார். அவர் என்ன முடிவு செய்வாரோ என்று பயப்படுவதற்குக்கூட இவளுக்கு அப்போது தெம்பில்லை.

இயர்போன் தட்டை வாசல் படியிலேயே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

தாழ்வாரத்தின் கோடியில் ரிப்பேர் அறை. கதவு திறந்திருந்தது. பிரித்துப் போட்ட மெஷின் ஒன்றின் அடியிலிருந்து அண்ணனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்பேனர் திருகும் சத்தம். மகள் தரையில் உட்கார்ந்து உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். இவள் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினாள். அழுது முடித்த கண்கள்.

"யாருங்க வேணும்?" என்றாள் மகள்.

பெற்ற மகள் கேட்கிறாள். கேட்க எல்லா நியாயமும் அவளுக்கு இருக்கிறது.

"எங்க அண்ணனைப் பாக்கணும்" என்றாள்.

மெஷினுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. ஆனால் அவர் வெளியே வரவில்லை.